பழைய காம்பாக்ட் கேமராவில் வீட்டுக்குள் எடுக்கும் படம் ஏன் மங்குகிறது? அதை வைத்துக்கொள்ளலாமா?

அலமாரியில் கிடந்த 2009-ஆம் ஆண்டுக் காம்பாக்ட் கேமரா ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. 12 மெகாபிக்சல், 5 மடங்கு ஜூம், சிசிடி சென்சார் (சென்சார் என்பது ஒளியைப் படமாக வாங்கும் சில்லு, சிசிடி அதில் பழைய வகை). வெயிலில் எடுத்த படங்கள் பிடித்திருக்கின்றன. மாலையிலும் வீட்டுக்குள்ளும் எடுத்தவை மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் வருகின்றன. கேமரா பழுதா, சிசிடியில் நிறம் தனி அழகாக வரும் என்று பலரும் சொல்வது உண்மையா, புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஃபோனில் எடுப்பது மாதிரிதானே இதிலும் எடுக்கிறேன், ஏன் அப்படி வரமாட்டேன் என்கிறது?

கேமரா பழுதுபார்க்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். என்னிடம் அதிகம் வந்ததே இந்த வகைக் கேமராக்கள்தான். விழுந்து உடைந்ததும் தண்ணீரில் நனைந்ததும் ஒரு பக்கம் இருக்கட்டும். ‘படம் சரியாக வரவில்லை’ என்ற ஒரே புகாருடன் வந்த பலவற்றில் உள்ளே எதுவும் கெட்டிருக்காது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையதும் அப்படித்தான் இருக்க வேண்டும். வெயிலில் நன்றாக எடுக்கிற கேமராவுக்கு இருட்டில் மட்டும் வருகிற பழுது அபூர்வம்.

ஆனாலும் முதலில் லென்ஸின் முன் கண்ணாடியைப் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் விரல் ரேகை தெரியும். இந்த லென்ஸ்கள் சுண்டுவிரல் நகம் அளவுதான், ஒரு விரல் பட்டாலே பாதிக் கண்ணாடியில் எண்ணெய் படிந்துவிடும். வெயிலில் அது பெரிதாகத் தெரியாது. படத்துக்குள் ஒரு விளக்கோ ஜன்னலோ வந்ததும் அதைச் சுற்றிப் பனி மூட்டம் மாதிரிப் பரவும். ரப்பர் ஊதியால் தூசியை ஊதிவிட்டு, கண்ணாடி துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியை லேசாக ஒற்றி எடுத்தால் போதும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள். துணியில் ஒட்டியிருக்கும் மணல் துகள் பூச்சைக் கீறிவிட்டால் அதற்கு வைத்தியம் கிடையாது.

அடுத்தது சென்சார். உங்கள் கேமராவில் பெரும்பாலும் 1/2.3 அங்குல வகை சென்சார்தான் இருக்கும். பெயரில் அங்குலம் இருந்தாலும் அது பழைய வீடியோ குழாய்களின் காலத்துக் கணக்கு. உண்மையான அளவு ஏறக்குறைய 6.2-க்கு 4.6 மி.மீ., பரப்பு 28 சதுர மி.மீ. பெரிய கேமராக்களில் வரும், 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள முழுச் சட்டக (ஃபுல் ஃபிரேம்) சென்சார் இதைப் போல 30 மடங்கு பெரியது. அவ்வளவு சின்ன இடத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சொற்ப ஒளி. வெயிலில் அந்தச் சொற்பமே போதும். வீட்டுக்குள் போதாமல் போகும்போது, கிடைத்த சமிக்ஞையைக் கேமரா மின்னணு முறையில் பெருக்குகிறது. ஐஎஸ்ஓ எண் ஏறுவது என்றால் இதுதான். பெருக்கும்போது படத்தோடு சேர்ந்து நாய்ஸும், அதாவது நீங்கள் பார்த்த அந்தப் புள்ளிகளும், பெரிதாகிறது. அந்தக் கரடுமுரடை மறைக்கக் கேமராவே படத்தைத் தேய்த்து மழுக்கும். தலைமுடி ஒட்டிப்போன பட்டையாகவும் முகம் மெழுகு பூசினாற்போலவும் தெரிவது அதனால்தான். ஃபோகஸ் போய்விட்டதாக நினைப்பீர்கள், ஆனால் பல சமயம் அது ஃபோகஸ் கோளாறே இல்லை.

உங்கள் ஃபோனின் சென்சாரும் சின்னதுதானே என்று கேட்கலாம். இன்றைய ஃபோன்கள் பலவற்றில் பிரதான கேமராவின் சென்சார் உங்கள் காம்பாக்டில் இருப்பதைவிடப் பெரியது. அதைவிட முக்கியமாக, நீங்கள் ஒரு முறை தொட்டால் ஃபோன் பல பிரேம்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, நாய்ஸைச் சராசரியில் கரைத்துவிடுகிறது. 2009 கேமராவுக்கு ஒரே ஒரு பிரேம்தான். அதனால் இருட்டில் ஃபோனோடு போட்டி போட்டால் அது தோற்கும், இதில் சந்தேகமே வேண்டாம். ஐஎஸ்ஓவை ‘ஆட்டோ’வில் விடாமல், வெளியில் 80 அல்லது 100, உள்ளே அதிகபட்சம் 400 என்று நீங்களே வையுங்கள். 400 என்ற எல்லை என் கண்ணுக்குத் தோன்றியது. சிலர் 800 வரை பொறுத்துக்கொள்வார்கள், சின்ன அளவில் பிரின்ட் போட்டால் அதுவும் தவறில்லை. 6-க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 22 லட்சம் புள்ளிகளுக்கும் குறைவாகவே தேவை. உங்கள் 12 மெகாபிக்சலில் பெரும்பகுதி அங்கே சுருங்கிவிடும், நாய்ஸும் அதோடு அடங்கிவிடும்.

ஐஎஸ்ஓவைக் குறைத்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், கை ஆடும். இங்கேதான் ஜூம் பாடாய்ப் படுத்துகிறது. லென்ஸைச் சுற்றி 2.8-5.9 என்கிற மாதிரி இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதலாவது, ஜூம் செய்யாமல் அகலக் கோணத்தில் வைத்திருக்கும்போது துவாரம் எவ்வளவு திறக்கும் என்பது. இரண்டாவது, முழுக்க ஜூம் செய்தபிறகு. எண் ஏற ஏறத் துவாரம் சின்னதாகும். 2.8-இலிருந்து 5.9-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். ஜூமில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஆக, வீட்டுக்குள் ஜூமைத் தொடாமல் இரண்டு அடி முன்னே நடந்து போங்கள். பழைய கேமராவில் இருட்டுப் படம் தேற இதைவிடச் சுலபமான வழி கிடையாது. டிஜிட்டல் ஜூம் என்று மெனுவில் ஒன்று இருக்கும், அதை அணைத்தே வைத்துவிடுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான். அந்த வேலையை வீட்டுக்கு வந்து கணினியில் செய்துகொள்ளலாம்.

நடுக்கத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் மாடலில் இருக்கலாம். அது உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் ஈடுகட்டும், ஓடுகிற குழந்தையை நிறுத்தி வைக்காது. அசையாத பொருளென்றால் கேமராவைச் சுவரிலோ மேசையிலோ அண்டக் கொடுத்து, 2 விநாடி டைமரைப் போட்டு எடுங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் ஆட்டம் அதற்குள் அடங்கிவிடும். ட்ரைபாட் இல்லாமலே ஐஎஸ்ஓ 100-இல் இரவுக் காட்சி எடுக்க முடியும்.

அடுத்தது பட்டன். ஃபோனில் திரையைத் தொட்டதும் படம் விழுந்துவிடும், கை அதற்கே பழகிவிட்டது. இந்தக் கேமராவில் ஷட்டர் பட்டனுக்கு இரண்டு படி உண்டு. பாதி அழுத்தினால் ஃபோகஸும் வெளிச்சக் கணக்கும் முடிந்து, பச்சைக் கட்டம் வந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். அப்படியே பிடித்துக்கொண்டு, வேண்டிய நொடியில் மீதியை அழுத்த வேண்டும். ஒரே மூச்சில் கீழே வரை அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடும் நேரமெல்லாம் போய்விட்டு, சிரிப்பு அடங்கிய பிறகே படம் விழும். அந்தக் காலத்தில் இந்தக் கேமராக்களை எல்லோரும் ‘ஸ்லோ’ என்று திட்டியதற்கு முக்கியக் காரணம் இந்தத் தேடல்தான். கட்டம் மஞ்சளாகவோ மினுங்கியபடியோ வந்தால் ஃபோகஸ் கிடைக்கவில்லை என்று பொருள். இந்தக் கேமராக்கள் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்புகளை வைத்துத்தான் ஃபோகஸைக் கண்டுபிடிக்கின்றன. வெறும் சுவரைக் காட்டினால் முழிக்கும். அதே தூரத்தில் உள்ள ஒரு சட்டைக் காலரையோ கதவு விளிம்பையோ காட்டிப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு கேமராவைத் திருப்பிக்கொள்ளுங்கள். பூ அடையாளம் போட்ட மேக்ரோவும் இப்படித்தான் ஏமாற்றும்: சில சென்டிமீட்டர் கிட்டத்தில் எடுக்க முடிவது ஜூம் செய்யாதபோதுதான். ஜூம் செய்துவிட்டால் அரை மீட்டர்வரைகூடப் பின்வாங்க வேண்டியிருக்கும்.

பின்னணி மங்கலாக வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வராது. ‘28 மி.மீ.க்குச் சமம்’ என்று விளம்பரம் செய்தாலும் அது முழுச் சட்டகக் கணக்கு; ஜூம் செய்யாதபோது உங்கள் லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 5 மி.மீ. அளவுதான். குவியத்தூரம் குறையக் குறையத் தெளிவாக விழும் ஆழம் கூடும். இரண்டு மீட்டருக்குப் பக்கத்தில் ஃபோகஸ் வைத்தால் ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ளது ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும். இதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. தெருவிலும் கூட்டத்திலும் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், கடைசிச் சுவர் எல்லாம் ஒரே படத்தில் தெளிவாகக் கிடைப்பது பெரிய கேமராக்காரர்களுக்குப் பிரயத்தனப்பட்டால்தான் முடியும்.

ஃபிளாஷைப் பலர் அணைத்தே வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ இந்தக் கேமராவை வைத்திருப்பதற்கான வலுவான காரணமே அதுதான் என்று தோன்றுகிறது. ஃபோனில் இருப்பது எல்இடி விளக்கு. டார்ச் மாதிரி சற்று நேரம் எரியும், அவ்வளவு பிரகாசமும் இல்லை. உங்கள் கேமராவில் இருப்பது செனான் குழாய். ஒரு மின்தேக்கியில் சேர்த்துவைத்த சக்தி மொத்தமும் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு போன்ற நேரத்துக்குள் வெடித்துத் தீர்ந்துவிடும். அதனால் இருட்டறையில் ஆடிக்கொண்டிருப்பவரும் உறைந்துபோய்த் தெளிவாக விழுவார். ஆனால் அதன் எட்டுதூரம் குறைவு. அகலக் கோணத்தில் 3, 4 மீட்டர், முழு ஜூமில் ஏறக்குறைய 2 மீட்டர், அதுவும் கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டால்தான். தூரம் இரட்டிப்பானால் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். மேடையில் நடப்பதைப் பின்வரிசையில் இருந்து ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்களின் படத்தில் முன்வரிசைத் தலைகள் மட்டும் வெள்ளை வெளேரென்று விழுவது இதனால்தான். முகம் வெளிறிப் பின்னணி கருப்பாகப் போவது பிடிக்கவில்லை என்றால் ‘நைட் போர்ட்ரெய்ட்’ அல்லது ‘ஸ்லோ சிங்க்’ என்ற பெயரில் ஒரு முறை இருக்கும். ஃபிளாஷும் அடித்து, ஷட்டரையும் கொஞ்ச நேரம் திறந்தே வைத்துப் பின்னணி விளக்குகளையும் வாங்கிக்கொள்ளும். கண் சிவப்பது ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் வருவது: விழித்திரையில் பட்ட ஒளி நேரே லென்ஸுக்குத் திரும்புகிறது. படத்தில் மிதக்கும் வெள்ளை வட்டங்களைப் பார்த்து ஆவி என்று பயப்படுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது லென்ஸுக்கு முன்னால் பறக்கும் தூசியில் பட்ட ஃபிளாஷ்.

இப்போது சிசிடி கலர். இதில் உறுதியாகத் தெரிந்ததும் நம்பிக்கையும் கலந்து கிடக்கின்றன. சிசிடியோ, இன்றைய ஃபோன்களில் இருக்கும் சிமாஸ் வகையோ, இரண்டும் சிலிக்கான்தான், இரண்டுக்குமே நிறம் தெரியாது. நிறத்தைத் தருவது மேலே ஒட்டியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி அடுக்கு. கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அப்புறம் கேமராவுக்குள் ஜேபெக் படமாக மாற்றும் நிரல் நிறத்தை எப்படிச் சமைக்கிறது என்பதும் உண்டு. எனவே சிசிடி என்பதாலேயே தோல் நிறம் அழகாக வருகிறது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஆனால் அந்தக் காலக் கேமராப் படங்களுக்கு ஒரு தனித் தோற்றம் இருப்பது உண்மை. அழுத்தமான கான்ட்ராஸ்ட், சட்டென்று வெள்ளையாகிவிடும் வானம், நிழலில் உடனே வரும் கருப்பு, நேரே முகத்தில் அடித்த ஃபிளாஷ், எல்லாம் சேர்ந்து செய்வது அது. இன்றைய ஃபோன் நிழலையும் வானத்தையும் சமப்படுத்திக் கொடுத்துக் கண்ணைப் பழக்கிவிட்டதால் சமப்படுத்தாத படம் புதுமையாகத் தெரிகிறது என்பது என் ஊகம். சிசிடிக்கே உரிய அடையாளம் வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது: சூரியனையோ கடும் விளக்கையோ காட்டினால் திரையில் செங்குத்தாக ஒரு ஊதாக் கோடு ஓடும். அது குறை, பழுது இல்லை.

வானம் வெள்ளையாகிவிடுவதற்குச் சின்ன மருந்து உண்டு. பிளஸ், மைனஸ் போட்ட பட்டனில் வெளிச்சத்தை -1/3 அல்லது -2/3 என்று குறைத்து வைத்து எடுங்கள். நிழலைப் பிறகு கொஞ்சம் மீட்கலாம், வெளிறிய வானத்தை ஜேபெக்கிலிருந்து மீட்க முடியாது.

பேட்டரி பழசாகத்தான் இருக்கும். அது உப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறையிலிருந்து வழுக்கி வராமல் சிக்கினால், தட்டையான மேசையில் வைக்கும்போது ஆடினால், அதைச் சார்ஜ் செய்ய வேண்டாம், பாதுகாப்பாகக் கழித்துவிடுங்கள். மாற்று பேட்டரி வாங்கும்போது ஒரிஜினலைவிட இரண்டு மடங்கு கொள்ளளவு எழுதியிருந்தால் நம்பாதீர்கள், அதே அளவு பெட்டிக்குள் அவ்வளவு அடங்காது. ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறதென்றால் உள்ளே இருக்கும் சின்னத் துணை மின்கலம் காலியாகியிருக்கும். பல மாடல்களில் சார்ஜ் ஏறிய பேட்டரியை ஒரு நாள் உள்ளேயே விட்டுவைத்தால் அதுவும் ஏறிக்கொள்ளும். தேதியைச் சரியாக வைத்துவிடுங்கள், பல வருடம் கழித்துப் படங்களை அடுக்கும்போது அதன் அருமை தெரியும்.

கார்டில் ஒரு பொறி இருக்கிறது. 2 ஜிபி வரை எஸ்டி, 4 முதல் 32 வரை எஸ்டிஹெச்சி, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஹெச்சி 2006-இல்தான் வந்தது, எஸ்டிஎக்ஸ்சி 2009-இல். உங்கள் கேமரா 32 ஜிபி வரை படிக்கும் என்று எதிர்பார்க்கலாம், 64 ஜிபி கார்டைப் போட்டுவிட்டுக் கேமரா போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 2006-க்கு முந்தைய கேமரா ஏதாவது கைக்கு வந்தால் 2 ஜிபி கார்டுதான் தேட வேண்டும். எதுவானாலும் கணினியில் இல்லாமல் கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள்.

இந்தக் கேமராக்களைக் கொல்வது பெரும்பாலும் மணலும் பையும்தான். பைக்குள் இருக்கும்போது பட்டன் அழுந்தி லென்ஸ் வெளியே வரப் பார்த்து, இடமில்லாமல் முட்டி நின்றுவிடும். அல்லது லென்ஸ் குழாய்களின் இடுக்கில் ஒரு மணல் துகள் சிக்கும். திரையில் ‘லென்ஸ் எர்ரர்’ வந்தால், நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி போட்டு, லென்ஸைத் தரையைப் பார்க்கப் பிடித்து, இடுக்குகளில் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டு, மறுபடி ஆன் செய்து பாருங்கள். அதற்கு மேல் கையால் இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துவிடும். வீடியோ பார்த்துத் திறந்து பார்க்கலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். வேண்டாம். ஃபிளாஷுக்கான மின்தேக்கியில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் இருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கும். பழகியவர்களே அதை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைப்பார்கள்.

புதிதாக வாங்குவதைப் பற்றி. ஜப்பானின் கேமராத் தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி 2010-இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட காம்பாக்ட் கேமராக்கள் 10 கோடிக்கும் மேல். 2023-இல் அது 20 லட்சத்துக்கும் கீழே. அந்த இடைவெளியில் 1/2.3 சென்சார் வைத்த சாதாரணக் கேமராக்களை ஃபோன் விழுங்கிவிட்டது. எனவே அதே வகையில் இன்னொன்றை, புதியது என்பதற்காக வாங்குவதில் அர்த்தமில்லை, உங்கள் கையில் இருப்பதே அதுதான். மாறுவதென்றால் சென்சார் மாற வேண்டும். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 போன்றவற்றில் உள்ள 1 அங்குல வகை சென்சார் 13.2-க்கு 8.8 மி.மீ., உங்களுடையதைப் போல 4 மடங்கு. ரிக்கோ ஜிஆர் 3-இல் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற இன்னும் பெரிய வகை, 13 மடங்கு, ஆனால் ஜூமே கிடையாது. ஜூம்தான் வேண்டும், தூரத்துப் பறவை எடுக்க வேண்டும் என்றால் சின்ன சென்சாரோடுதான் குடித்தனம். சட்டைப்பையில் அடங்குவது, நீண்ட ஜூம், பெரிய சென்சார் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது.

பழையது இன்னொன்று வாங்க நினைத்தால், முழுக்க ஜூம் போய் வரும்போது கரகரப்புச் சத்தம் வருகிறதா, ஃபிளாஷ் அடிக்கிறதா என்று பாருங்கள். வெறும் வானத்தை முழு ஜூமில் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் அதைச் சுத்தம் செய்ய மொத்தமாகப் பிரிக்க வேண்டும். 2002 முதல் 2004 வரை தயாரான சில சிசிடிகளில் வெப்பத்தாலும் ஈரத்தாலும் உள் இணைப்பு விட்டுப்போகும் கோளாறு இருந்தது. 2005-இல் பல நிறுவனங்கள் இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தன. அந்தச் சலுகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அந்த வருடக் கேமராவில் திரை கருப்பாகவோ ஊதாக் கோடுகளாகவோ வந்தால் விட்டுவிடுங்கள்.

உங்கள் கேமராவை நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாதது ஒன்றே ஒன்றுதான்: எப்போதோ கீழே விழுந்து லென்ஸ் சாய்ந்திருக்கிறதா என்பது. அதற்கு, பகல் வெளிச்சத்தில் ஜூம் செய்யாமல், ஐஎஸ்ஓ 100-இல், ஒரு செங்கல் சுவருக்கு நேர் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள். நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கியிருந்தால் லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் குழைந்திருந்தால் சாய்ந்திருக்கிறது. அந்தப் படத்தைச் சுருக்காமல் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.